படிக்கட்டு வைரங்கள்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

வைரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை ஏழுகல் தோடும் எட்டுக்கல் பேசரியும்தாம். அவற்றில் பதித்திருப்பவை பெரும்பாலும் வட்டக் கற்கள். ஆனால் இன்று நகைக்கடைகளில் சதுரக் கற்களும் மின்னுகின்றன. காரே, சதுர எமரால்டு, ஆஷர் என்று அவற்றுக்குப் பல பெயர்கள். பார்வைக்கு அவை உடன்பிறந்தவை போல் தோன்றினும் ஒன்றல்ல. வேறுபாட்டை அறிவது வீண் ஆராய்ச்சியும் அன்று. பல ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்து ஒரு சிறு கல்லை வாங்கும் குடும்பத்துக்கு அது மிகவும் தேவையான அறிவாகும்.

முதலில், வைரத்தைப் பட்டை தீட்டுவது எதற்காக? கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, வைரத்துக்கோ 2.42. இதனால் கண்ணாடியின் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 42 பாகையாகவும், வைரத்தினுடையது 24.4 பாகையாகவும் அமைகின்றன. வைரத்தினுள் புகுந்த ஒளி அதன் அடிப்பக்கத்தின் வழியே எளிதில் தப்பிவிட முடியாது. முழு அக எதிரொளிப்பு அடைந்து, மேலே காண்பவர் கண்ணுக்கே திரும்பிவிடும். அதற்கு ஏற்ற கோணங்களில் முகங்களை அமைப்பதே பட்டை தீட்டுவோரின் திறமை.

இதில் இரு பெரும் முறைகள் உண்டு. ஒன்று ‘பிரில்லியண்ட்’ முறை. வட்டக் கல்லில் முக்கோணமும் பட்டமும் போன்ற 57 அல்லது 58 முகங்கள் அமைந்து, ஒளியைப் பொறிகளாகச் சிதறடிக்கின்றன. மற்றொன்று படிவெட்டு முறை. இதில் நீண்ட முகங்கள் விளிம்புக்கு இணையாக ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். கோயில் தெப்பக்குளத்தில் நாற்புறமும் படிகள் சதுரத்துக்குள் சதுரமாக இறங்குவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? படிவெட்டு வைரத்தை மேலிருந்து நோக்கினால் ஏறக்குறைய அதே காட்சிதான். பொறி பறப்பதற்குப் பதிலாக வெளிச்சமும் நிழலும் அகன்ற பட்டைகளாக மாறி மாறித் தோன்றும்.

இனி மூன்று வகைகளையும் காண்போம்.

காரே: நான்கு மூலைகளும் கூராக உள்ள முழுச் சதுரம். பெரும்பாலும் சிறு கற்களாக வரிசையாகப் பதிக்கப்படுவது. கூர்மூலை எளிதில் சிதறக்கூடும் என்பது இதன் குறை.

சதுர எமரால்டு: மரகதம் எளிதில் உடையக்கூடிய கல். அதைக் காக்க மூலைகளைச் சற்றே வெட்டிய முறை வைரத்துக்கும் வந்தது. மேல்முகம் அகன்றும், அதைச் சுற்றியுள்ள சரிவு தாழ்ந்தும் இருக்கும்.

ஆஷர்: ஆம்ஸ்டர்டாம் நகரின் ஜோசப் ஆஷர் 1902ஆம் ஆண்டில் வகுத்தது. 3,106 காரட் எடையுள்ள கல்லினன் வைரத்தை 1908இல் பிளந்தவரும் இவரே. இவ்வகையில் மூலைகள் அதிகமாக வெட்டப்படுவதால் கல் எண்கோணம் போலவே தோன்றும். மேல்முகம் சிறியது, சரிவு உயரமானது, அடிப்பகுதி ஆழமானது. நான்கு மூலைகளிலிருந்தும் வரும் கோடுகள் நடுவில் கூடிக் காற்றாடி போலத் தெரிவது இதன் தனி அடையாளம். பழைய ஆஷர் கல்லுக்கு 58 முகங்கள். 2001இல் வெளிவந்த ‘ராயல் ஆஷர்’ கல்லுக்கு 74.

‘பிரின்சஸ்’ கல்லும் சதுரமே. ஆயினும் அதன் முகங்கள் படியாக இறங்குவதில்லை. எனவே அது இக்குடும்பத்தில் சேராது.

படிவெட்டுக் கற்கள் எதையும் மறைப்பதில்லை. எங்களைப் போன்ற விசைத்தறிக் குடும்பத்தாருக்கு இது எளிதில் விளங்கும். பூப்போட்ட சேலையில் ஓர் இழை விட்டுப்போனால் தெரியாது. வெள்ளைத் துணியில் விட்டுப்போனால் உடனே கண்ணில் படும். அதுபோல, பிரில்லியண்ட் கல்லின் பொறிகளுக்கிடையே ஒளிந்துகொள்ளும் கீறலும் புள்ளியும் படிவெட்டுக் கல்லில் வெளிப்படையாகத் தெரியும். மங்கிய மஞ்சள் சாயலும் அப்படியே. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடை வீதியைக் காட்டும் இளங்கோவடிகள், காகபாதம் முதலிய குற்றங்கள் நீங்கிய வைரத்தையே சிறப்பித்துச் சொல்கிறார். அந்தப் பழைய அளவுகோல் படிவெட்டுக் கல்லுக்கு இன்றும் முழுமையாகப் பொருந்தும்.

எடையையும் கவனிக்க வேண்டும். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். ஆஷர் ஆழமான கல்லாதலால் எடையில் பெரும்பகுதி அடியில் இருக்கும். அதே எடையுள்ள ஆழம் குறைந்த கல் மேலிருந்து பார்க்கப் பெரிதாகத் தெரியும். விலையோ எடையைப் பொறுத்தது.

சான்றிதழைப் பார்த்தால் போதாதா எனலாம். ஜி.ஐ.ஏ. என்னும் அமெரிக்க இரத்தினவியல் நிறுவனம் தன் சான்றிதழில் ஆஷர் வகைக் கல்லையும் ‘சதுர எமரால்டு’ என்றே குறிப்பது வழக்கம். அதனால் கடைக்காரர் சொல்லும் பெயரும் தாளில் உள்ள பெயரும் வேறுபடலாம். மேலும், வடிவம் கல்லின் இனத்தைச் சொல்லாது. திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டுவது பேர்பெற்ற கைத்தொழில். ‘அமெரிக்கன் டைமண்ட்’ எனப்படும் சிர்க்கோனியாக் கல்லையும் இதே வடிவங்களில் வெட்ட முடியும். ஆனால் வைரத்தின் அடர்த்தி 3.52, சிர்க்கோனியாவுக்கு 5.6க்கும் மேல். ஒரே அளவுள்ள இரு கற்களைத் தராசில் இட்டால் உண்மை விளங்கிவிடும்.

ஆகவே நண்பர்களே, சதுர வைரம் ஒன்றைக் காணும்போது பெயரைக் கேட்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: மூலை எவ்வளவு வெட்டப்பட்டிருக்கிறது? மேல்முகம் சிறியதா, அகன்றதா? படிகள் நடுவரை மாசின்றித் தெளிவாக இறங்குகின்றனவா? இவற்றை அறிய ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியும் பொறுமையும் போதும். நம் வகுப்பறையில் படிக்கும் ஒளியியல் தேர்வுத்தாளோடு முடிந்துவிடாமல் நம் வீட்டாரின் சேமிப்பைக் காக்கவும் பயன்படட்டும்.