பழைய காரின் சாவிச் சுவிட்சு: பழுதறிதலும் நீக்கலும்

தமிழ்நாட்டிலிருந்து கிழக்குக் கடற்கரை வழியாக வங்காளம் செல்லும் ரயில் பயணிகளுக்குச் சாந்த்ராகாச்சி தெரிந்த பெயர். ஹௌராவை அடைவதற்குச் சற்று முன்னர் வரும் இந்த ரயில் நிலையத்தை அடுத்துக் கோனா விரைவுச்சாலை செல்கிறது. 1992-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வித்யாசாகர் பாலத்தின் வழியாகக் கொல்கத்தா நகருக்குள் நுழையும் வாகனங்கள் பெரும்பாலும் இச்சாலையில்தான் வருகின்றன. நெரிசலுக்குப் பெயர் பெற்ற இங்குள்ள ரயில் மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஒரு கார் முன்னறிவிப்பின்றி நின்றுவிடுமாயின், ஓட்டுநருக்கும் பின்னால் வரும் லாரிகளுக்கும் நேரக்கூடிய அபாயம் சிறிதன்று. அவ்வாறு நிற்பது பழைய அம்பாஸடர் காராக இருப்பின், காயில், கண்டென்சர், பெட்ரோல் பம்பு என்று ஒவ்வொன்றாகச் சந்தேகிக்கப்பட்டு, கடைசியில் குற்றவாளியாகக் கண்டுபிடிக்கப்படுவது சில வேளைகளில் டாஷ்போர்டில் இருக்கும் சாவிச் சுவிட்சே.

அம்பாஸடர் இப்பகுதிக்கு அந்நியமான வண்டியன்று. ஹூக்ளி நதியின் இதே மேற்குக் கரையில், வடக்கே உத்தரபாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில்தான் அது உருவாயிற்று. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி 1957-ஆம் ஆண்டு தோன்றிய இவ்வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றது. வண்டி போயிற்று, மின்சார அமைப்பின் இலக்கணம் போகவில்லை. இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனி வகுத்த அவ்விலக்கணமே, 1961-இல் அக்கம்பெனியும் டி.வி.எஸ். நிறுவனமும் கூடித் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். வழியாக நம் நாட்டு வண்டிகள் பலவற்றிலும் பரவியது. ஆகவே இங்குக் கூறப்படுபவை, பழைய ஜீப்பு, ஸ்டாண்டர்டு முதலிய வண்டிகளைப் பராமரிப்போருக்கும் சிறு மாறுதல்களுடன் பயன்படும். வண்டியைச் செய்தவர்களிடமிருந்து புதிய சுவிட்சு பெற இனி வழியில்லை. கொல்கத்தாவின் மல்லிக் பஜார் போன்ற உதிரிப்பாகச் சந்தைகளில் கிடைப்பவற்றின் தரமோ பலவகைப்பட்டது. நன்றாக இருக்கும் பழைய சுவிட்சை அவசரப்பட்டுக் கழற்றி எறிந்துவிட்டு மட்டமானதொன்றைப் பொருத்துவது நஷ்டமே.

மின்சாரம் செல்லும் வழியை முதலில் அறிதல் வேண்டும். பாட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம், செல்ப் மோட்டாரின் பருத்த கம்பி பொருந்தும் முனையைத் தொட்டு, கட்-அவுட் பெட்டிக்குச் சென்று, அங்கிருந்து பழுப்பு நிறக் கம்பி வழியாகச் சாவிச் சுவிட்சை அடைகிறது. சாவியைத் திருப்பியதும் அது வெள்ளைக் கம்பியில் வெளிப்பட்டு, இக்னிஷன் காயிலுக்குள் புகுந்து, டிஸ்டிரிபியூட்டரில் உள்ள பாயிண்டுகளின் வழியே வண்டியின் உடலைச் சேர்ந்து பாட்டரிக்குத் திரும்புகிறது. வெள்ளைக் கம்பியின் ஒரு கிளை பியூஸ் பெட்டிக்குச் சென்று, பச்சைக் கம்பியாகி, பெட்ரோல் அளவு காட்டும் மீட்டர், துடைப்பான் முதலியவற்றுக்கு மின்சாரம் தருகிறது. மற்றொரு கிளை டைனமோவின் சிவப்பு எச்சரிக்கை விளக்கை அடைகிறது. இந்நிறங்கள் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிக்கு உரியவை. நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகப் பல கைகள் பட்ட வண்டியில் நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது.

மேற்கூறிய கிளைகளே பழுதறிவதற்கு முதற் சாட்சிகள். வண்டி நின்றபின் சாவியைத் திருப்பிய நிலையிலேயே சிறிது நேரம் விட்டு, எச்சரிக்கை விளக்கையும் பெட்ரோல் மீட்டரையும் பார்க்க வேண்டும். இரண்டும் உயிரற்றுக் கிடக்க, தலைவிளக்குகள் மட்டும் நன்கு எரியுமாயின், பாட்டரியில் குறையில்லை. சாவிச் சுவிட்சோ அதில் பொருந்தும் கம்பி முனைகளோ பழுதுற்றன எனலாம். தலைவிளக்குகளும் எரியாவிடில் பழுது சுவிட்சுக்கு முன்னரே, பெரும்பாலும் பாட்டரி முனைகளில், இருக்கிறது. வண்டி முற்றிலும் நின்ற பிறகே இதனைப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஓடும்போது சுவிட்சின் தொடர்பு அற்றுப்போனாலும், சுழன்றுகொண்டிருக்கும் டைனமோவிலிருந்து மின்சாரம் எச்சரிக்கை விளக்கின் வழியே பின்னோக்கிப் பாய்ந்து அதனைச் சற்று நேரம் ஒளிரச் செய்யும். அவ்வொளியைக் கண்டு சுவிட்சு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வோர் உளர்.

இதுவரை சொன்னது தொடர்பு அறவே அற்ற நிலை. இது எளிது. பலரை ஏமாற்றுவது வேறொரு நிலை: சுவிட்சு மூடியிருக்கிறது, விளக்கு எரிகிறது, மீட்டர் முள் எழுகிறது, ஆயினும் எஞ்ஜின் கிளம்ப மறுக்கிறது, அல்லது கிளம்பி, சூடேறியபின் இடறுகிறது. சுவிட்சினுள் இருக்கும் பித்தளைத் தகடுகள் ஒன்றையொன்று தொட்டாலும், களிம்பும் கரியும் படிந்தமையால் அவ்விடத்தில் ஒரு தடை தோன்றிவிட்டதே இதற்குக் காரணம். சாந்த்ராகாச்சி ஏரிகளும் சதுப்புகளும் சூழ்ந்த ஊர். ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் மழையில் காற்றின் ஈரம் பித்தளையைப் பச்சை பிடிக்கச் செய்கிறது. நம் கடற்கரை ஊர்களிலோ உப்புக் காற்று இதே வேலையைச் செய்கிறது.

இத்தடையின் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்பது பள்ளி மாணவருக்கும் எட்டக்கூடியதே. காயிலின் முதற் சுற்றுக்குச் சுமார் 3 ஓம் தடை உண்டு. 12 வோல்ட்டு பாட்டரி அதில் 4 ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தும். சுவிட்சின் தொடர்பில் 1 ஓம் தடை சேர்ந்துவிட்டால் மொத்தத் தடை 4 ஓம். மின்னோட்டம் 3 ஆம்பியராகக் குறைகிறது. காயிலுக்குக் கிடைப்பது 9 வோல்ட்டு. எஞ்சிய 3 வோல்ட்டைச் சுவிட்சு விழுங்கிவிடுகிறது. காயிலில் தேங்கும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது ஆதலால், அது பதினாறில் ஒன்பது பங்காக, அதாவது பாதியைச் சற்றே மிஞ்சிய அளவாகச் சுருங்குகிறது. இழந்த 3 வோல்ட்டும் ஓடும் 3 ஆம்பியரும் சேர்ந்து அச்சிறு தகட்டில் 9 வாட்டு வெப்பத்தை உண்டாக்குகின்றன. சாவித் துளையைச் சுற்றியுள்ள உலோகம் கைபொறுக்காமல் சுடுவது இதனாலேயே. செல்ப் மோட்டார் சுழலும்போது பாட்டரியின் அழுத்தம் 9 அல்லது 10 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அப்போது காயிலுக்கு 7 வோல்ட்டு அளவே கிட்டுவதால் பொறி மிகவும் மெலிகிறது. விடியற்காலையில் கிளம்ப மறுத்த வண்டி, நான்கு பேர் தள்ளிவிட்டதும் ஓடுவதன் மர்மம் இதுதான். தள்ளும்போது செல்ப் மோட்டார் பாட்டரியைக் குடிப்பதில்லை.

அப்படியானால் எச்சரிக்கை விளக்கு ஏன் பிரகாசமாக எரிகிறது? அது 2 வாட்டு அளவுள்ள சிறு விளக்கு. அதற்கு வேண்டிய மின்னோட்டம் ஆம்பியரில் ஆறிலொரு பங்குதான். அவ்வளவு சிறிய மின்னோட்டம் 1 ஓம் தடையைக் கடக்கையில் ஆறிலொரு வோல்ட்டே இழப்பாகிறது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கிராமத்துக் குறுகிய வாய்க்கால் குடத்து நீருக்குப் போதுமானது. வயலுக்குப் பாய்ச்சும்போதுதான் அதன் அடைப்பு வெளிப்படும். எனவே மின்னோட்டம் உரிய அளவில் பாயும்போதே சுவிட்சைச் சோதிக்க வேண்டும். பழுதறிதலின் உயிர்நிலை இதுவே.

சோதனைக்கு ஒரு வோல்ட்டு மீட்டர் போதும். மீட்டரின் ஒரு கம்பியைச் சுவிட்சின் பழுப்பு முனையிலும், மற்றொன்றை வெள்ளை முனையிலும் வைத்து, சாவியைத் திருப்ப வேண்டும். டிஸ்டிரிபியூட்டரின் மூடியைத் திறந்து, பாயிண்டுகள் சேர்ந்திருக்கும்படி எஞ்ஜினை முன்னரே சிறிது சுழற்றிவைத்தல் அவசியம். அவை பிரிந்திருந்தால் காயிலில் மின்னோட்டம் இராது, மீட்டர் காட்டும் எண்ணுக்கும் பொருள் இராது. நல்ல சுவிட்சு 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. அரை வோல்ட்டு காட்டுவது ஐயத்துக்குரியது. 1 வோல்ட்டைத் தாண்டினால் சுவிட்சைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். முழு 12 வோல்ட்டும் காட்டினால் தொடர்பு அறவே இல்லை என்பது வெளிப்படை. மீட்டரைப் பார்த்தபடியே சாவியை மெல்ல இப்படியும் அப்படியும் அசைக்க வேண்டும். முள் துள்ளுமாயின் பழுது இடைவிட்டு வருவது என்று கொள்க. வீட்டுச் சாவி, பீரோச் சாவி எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்துத் தொங்கவிடும் வழக்கம் இவ்வகைப் பழுதுக்குப் பெருங்காரணம். அக்கொத்து ஒவ்வொரு குழியிலும் ஆடி ஆடிச் சாவி உருளையைத் தேய்க்கிறது.

பாயிண்டுகள் சேர்ந்த நிலையில் சாவியை ஓரிரு நிமிஷத்துக்கு மேல் விட்டுவைத்தல் ஆகாது. காயில் சூடேறிக் கெடும். மேலும் இங்கிலாந்து முறையில் அமைந்த பழைய வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மீட்டரின் கம்பிகளை மாற்றிப் பிடித்தால் ஊசி பின்னோக்கி விலகும்.

மீட்டர் இல்லாத இடத்தில் தலைவிளக்கின் பல்பு ஒன்றே கருவியாக உதவும். 45 வாட்டு பல்பு 12 வோல்ட்டில் ஏறக்குறைய காயில் குடிக்கும் அளவே, அதாவது 3.75 ஆம்பியர், குடிக்கிறது. அதனைச் சுவிட்சின் வெள்ளை முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே இணைத்துச் சாவியைத் திருப்பினால், நல்ல சுவிட்சில் முழு வெண்மையுடனும், கெட்டதில் மங்கிய செம்மஞ்சளாகவும் எரியும். பழுதான சுவிட்சு ஒன்று கைக்குக் கிடைத்தால் ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு சிறு விளக்கையும் இத்தலைவிளக்கையும் அதன் வழியே மாறிமாறி எரித்துக் காட்டலாம். ஓமின் விதியைக் கரும்பலகையில் எழுதி விளக்குவதினும் இது மாணவர் மனத்தில் நன்கு பதியும்.

சாலை நடுவே நின்ற வண்டியைப் பணிமனை வரையில் கொண்டுசெல்ல, பழுப்பு முனையையும் வெள்ளை முனையையும் ஒரு கம்பியால் நேரே இணைப்பதுண்டு. இது தற்காலிக உபாயம் மட்டுமே. இணைப்புக் கம்பியின் நடுவே ஒரு பியூஸ் இருத்தல் வேண்டும். ஏனெனில் சுவிட்சுக்கு வரும் பழுப்புக் கம்பிக்கு இவ்வண்டிகளில் பொதுவாகப் பியூஸ் கிடையாது. அது தகரத்தில் உரசினால் டாஷ்போர்டுக்குப் பின்னுள்ள கம்பிக் கட்டு முழுவதும் தீப்பற்றக்கூடும். இக்கம்பியைப் பிடுங்கினாலன்றி எஞ்ஜின் நிற்காது என்பதையும் ஓட்டுநர் அறிந்திருக்க வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டுக் கம்பியை மறந்து போனால் மறுநாள் காலையில் பாட்டரி வெறுமையாகவும் காயில் கருகியும் இருக்கலாம்.

சுவிட்சைக் கழற்றும் முன் பாட்டரியின் இரு கம்பிகளில், வண்டியின் உடலோடு சேர்ந்ததையே முதலில் எடுக்க வேண்டும். அதன்பின் ஸ்பானர் எங்கே பட்டாலும் தீங்கில்லை. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சீட்டுக் கட்டி அடையாளமிட்ட பிறகு முனைகளைத் தளர்த்துக. இங்கே சற்று நிதானிப்பது நன்று: முனையின் திருகு தளர்ந்தோ, செருகும் தகடு அகன்றோ இருப்பதே பழுது முழுமைக்கும் காரணமாக இருத்தல் அரிதன்று. அவ்வாறாயின் அதனை இறுக்கி மீண்டும் வோல்ட்டு பார்த்தால் போதும். சுவிட்சைத் தொட வேண்டியதில்லை. குறை உள்ளே எனத் தெரிந்தால், முன்பக்க வளைய நட்டைக் கழற்றி, சுவிட்சைப் பின்புறமாக வெளியே எடுக்கலாம். லூகாஸ் வகைகள் பலவற்றில் உறையின் பக்கத்தில் ஒரு சிறு துளை காணப்படும். சாவியை உரிய நிலையில் வைத்து, அத்துளையில் மெல்லிய ஊசியை நுழைத்து உள்ளேயுள்ள வில் ஆணியை அமுக்கினால் சாவி உருளை தானே கழன்று வரும். அடித்தட்டைப் பிடித்திருக்கும் தகர மடிப்புகளை ஒருமுறை நிமிர்த்தலாம். இரண்டாம் முறை பெரும்பாலும் ஒடிந்துவிடும்.

உள்ளே களிம்பு மட்டும் இருந்தால் ஸ்பிரிட்டில் கழுவி, மிக நயமான மணற்காகிதத்தால் தேய்த்து, வாசலைனை மெல்லியதாகத் தடவினால் போதும். முரட்டு எமரித் தாள் கூடாது. அது தகட்டில் கீறல்களை விட்டு, அடுத்த களிம்புக்கு இடம் தேடித் தருகிறது. வெப்பத்தால் நீலம் பாய்ந்து வலுவிழந்த வில்லை எவ்வளவு துடைத்தாலும் அதன் விறைப்பு மீளாது. பேக்லைட்டு அடித்தட்டில் கருகிய தடம் தெரிந்தாலும் அவ்வாறே. கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். சாவியை எடுத்த பின்னும் அத்தடத்தின் வழியே மின்சாரம் கசியும். இவ்விரண்டில் ஒன்று தென்பட்டால் வேறு சுவிட்சு வாங்குவதே முறை. சாவித் துளையில் எண்ணெய் விடும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். எண்ணெய் தூசியைப் பிடித்துக்கொண்டு கீழிறங்கித் தகடுகளில் படியும். கிராபைட்டுத் தூள் சிறிதளவு இட்டால் உருளை எளிதாகத் திரும்பும்.

வெப்பத்தால் சுவிட்சு கெட்டிருந்தால், அதன்மேல் இத்தனை சுமையை ஏற்றியது எது என்று தேடுவது கடமை. இசைப் பெட்டி, மின்விசிறி, கூடுதல் ஹாரன், மூடுபனி விளக்கு ஆகியவற்றைப் பின்னர் சேர்த்தவர்கள் எல்லாவற்றையும் அந்த ஒரே வெள்ளைக் கம்பியில் முடிந்து வைத்திருப்பார்கள். இச்சுமைகளைப் பாட்டரியிலிருந்து தனிப் பியூஸ் வழியாக எடுத்து, ஒரு ரிலே மூலம் இயக்கினால், சாவிச் சுவிட்சு ரிலேயின் சுருளுக்கு வேண்டிய சுமார் 0.2 ஆம்பியரை மட்டும் தாங்கினால் போதும். டீசல் அம்பாஸடரில் இக்னிஷன் காயிலே இல்லையாதலால், ஓட்டத்தின் நடுவே எஞ்ஜின் நின்றால் பழியைச் சுவிட்சின்மேல் சுமத்துமுன் எண்ணெய் வரும் வழியைப் பார்க்க வேண்டும்.

எல்லாம் பொருத்திய பின் அதே வோல்ட்டுச் சோதனையை இருமுறை செய்க: எஞ்ஜின் குளிர்ந்திருக்கையில் ஒருமுறை, அரைமணி நேரம் ஓட்டித் திரும்பியதும் ஒருமுறை. இரண்டு எண்களையும் தேதியுடன் வண்டியின் குறிப்பேட்டில் எழுதிவைத்தால், அடுத்த மழைக்காலம் முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.