கருடன் வட்டமிடும் வானத்தில் ஒரு கைக்கணினி

சித்திரை மாதத்தில், காலை பதினொரு மணிக்கு மேல், தஞ்சாவூரைச் சுற்றியுள்ள எந்த வயல்வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் கருடன்கள் வட்டமிடுவது தெரியும். இறக்கையை அடிப்பதே இல்லை. ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி மேலேறிப் புள்ளியாகி, பிறகு ஏதோ முடிவெடுத்ததுபோல ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போய்விடும். ஐப்பசியில் அதே கருடன் வரப்போரத் தென்னையை விட்டு அவ்வளவு உயரம் போவது அபூர்வம்.

வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூட வேண்டும் என்பது மரபு. (எத்தனை வருடம் மரபுப்படி நடந்தது என்பது தனிக் கட்டுரை.) குறுவையும் சம்பாவும் நிற்கிற காலத்தில் வயலில் விழும் வெயிலின் பெரும்பங்கு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகக் கிட்டத்தட்ட 580 கலோரி வெப்பம் வேண்டும். அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்து, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கோடையில் அந்தச் செலவு இல்லை. வெயில் மண்ணைச் சுடுகிறது, மண் தன்மேல் இருக்கும் காற்றைச் சுடுகிறது, சூடான காற்று திரண்டு மேலே கிளம்புகிறது. தார்ச்சாலை, செங்கல் சூளை, ஊருக்குள் இருக்கும் கான்கிரீட் கூரைகள் எல்லாம் இதே வேலையைச் செய்கின்றன. இப்படி மேலேறும் காற்றுத் தூணைப் பறப்பவர்கள் தெர்மல் என்பார்கள். கருடன் ஏறுவது அதில்தான்.

கிளைடர் ஓட்டுபவரும் அதில்தான் ஏறுகிறார். எஞ்சின் கிடையாது. விஞ்ச் கம்பியோ இழுவை விமானமோ சில நூறு மீட்டர் உயரத்தில் விட்டுவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு கிளைடர் காற்றுக்குள் எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், விநாடிக்கு முக்கால் மீட்டர் அளவில். காற்று விநாடிக்கு இரண்டு மீட்டர் மேலேறுமானால் மிச்சமெல்லாம் லாபம். சிக்கல் என்னவென்றால் அந்தக் காற்று கண்ணுக்குத் தெரியாது. உடம்புக்கும் வேகம் மாறும் நொடியில் ஒரு உதறல் தெரியுமே தவிர, ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பது நிச்சயமாகத் தெரியாது. 1920-களின் இறுதியில் ஆஸ்திரியாவின் ராபர்ட் க்ரோன்ஃபெல்ட் ஒரு வேரியோமீட்டரைத் தன் கிளைடரில் பொருத்திக்கொண்டார். காற்றழுத்தம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைக் காட்டும் முள் அது. இன்றைக்கு அது ஒலியாகவும் வருகிறது. ஏறினால் கீச்சுக் குரல், இறங்கினால் முனகல். நல்ல பைலட் காதால் ஏறிக்கொண்டு கண்ணை வெளியே வைத்திருப்பார்.

அடுத்த கேள்வி கணக்கு சம்பந்தப்பட்டது. ஒரு தெர்மலை விட்டு அடுத்ததைத் தேடிப் போகும்போது எவ்வளவு வேகத்தில் போக வேண்டும்? மெதுவாகப் போனால் உயரம் மிஞ்சும், நேரம் போகும். வேகமாகப் போனால் நேரம் மிஞ்சும், உயரம் போகும். அமெரிக்கரான பால் மெக்ரெடி இதற்கு அழகான விடை கண்டார்: அடுத்த தெர்மல் எவ்வளவு வலுவாக இருக்கும் என்று நினைக்கிறாயோ அதற்கேற்ற வேகம். வேரியோமீட்டரைச் சுற்றித் திருகக்கூடிய ஒரு வளையத்தில் அந்தக் கணக்கை எழுதிவைத்தார். 1956-இல் பிரான்சில் நடந்த போட்டியில் உலக சாம்பியன் ஆனார். பின்னாளில் மனிதன் பெடல் மிதித்தே பறக்கும் காசமர் அல்பட்ராஸ் விமானத்தை வடிவமைத்தவரும் இவர்தான். அது ஆங்கிலக் கால்வாயைக் கடந்த நாள் 1979 ஜூன் 12. மேட்டூர் திறக்கும் அந்தத் தேதியைக் காவிரி டெல்டாக்காரர்கள் மறக்க மாட்டார்கள்.

வளையம் வேகத்தைச் சொல்லிவிடும். "இந்த உயரத்தில் இருந்து ஊர் போய்ச் சேருவேனா?" என்பதற்குப் பதில் சொல்லாது. நம்மூர்க் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். தஞ்சாவூருக்கு மேலே 1000 மீட்டரில் ஒரு கிளைடர் இருக்கிறது. ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னேறும் ரகம். காற்றே இல்லையென்றால் 40 கி.மீ. போகும். பறவை பறக்கும் நேர்கோட்டில் கும்பகோணம் 33 கி.மீ. தாராளமாகச் சேர்ந்துவிடலாம். ஆனால் பிற்பகலில் நாகப்பட்டினம் பக்கமிருந்து கடற்காற்று உள்ளே வரும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் கிளைடருக்கு எதிரே 25 கி.மீ. காற்று அடித்தால் 40 என்பது 30 ஆகிவிடும். சுவாமிமலை தாண்டியதும் தரை தட்டும். இறங்கும் காற்றுக்குள் மாட்டினால் பாபநாசமே சந்தேகம். இந்தக் கணக்கைக் காகிதத்தில், மடியில், ஒரு கையில் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, நிமிடத்துக்கு நிமிடம் மாறும் காற்றோடு போட வேண்டியிருந்தது.

இதற்கென்றே செய்த கணினிகள் இருந்தன. விலை, காசுள்ள கிளப்காரர்களுக்கு மட்டும். 2000-ஆம் ஆண்டு நிலைமையை மாற்றியது. அந்த மே மாதம் அமெரிக்கா, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை நீக்கியது. அதே ஆண்டு காம்பாக் நிறுவனத்தின் ஐபேக் சந்தைக்கு வந்தது. அலுவலக மேலாளர்கள் சந்திப்பு நேரம் குறித்துக்கொள்ளச் செய்த, சட்டைப்பைக்குள் அடங்கும் கருவி. கிளைடர்காரர்கள் அதை வாங்கி, ஜி.பி.எஸ். கம்பியைச் செருகி, காக்பிட்டில் ஒட்டிவிட்டார்கள். வின்பைலட், சீயூ மொபைல் போன்ற மென்பொருள்கள் அதில் ஓடின. எக்ஸ்சிசோர் என்ற மென்பொருள் 2005-இல் திறந்த மூலநிரலாக வெளிவந்தது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். விமானத் தொழிலின் பெரிய நிறுவனங்கள் இந்தக் காரியத்தில் ஒதுங்கியே நின்றன. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் நிரல் எழுதிய பைலட்டுகள் செய்தது இது.

அவர்கள் அதிகம் போராடியது கணக்கோடு இல்லை, வெயிலோடு. கிளைடர் காக்பிட்டின் மேல்மூடி முழுக்க ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். பைலட் கிட்டத்தட்டப் படுத்தபடி அமர்ந்திருப்பார், சூரியன் நேரே திரைமேல் விழும். மதிய வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று ஓ.டி.பி. படிக்க முயன்ற எவருக்கும் இந்தத் துன்பம் புரியும். வெளிச்சத்தைக் கூட்டினால் பேட்டரி போகும். இன்னும் கூட்டினால் கருவி சூடேறித் தானாக அணைந்துவிடும். பழைய ஐபேக்குகளின் திரை சூரிய ஒளியையே திருப்பி அனுப்பிப் படிக்கவைக்கும் வகை என்பதால் ஓரளவு தப்பித்தன. பிறகு வந்த பளபளப்பான போன்கள் அறைக்குள் ஜொலித்தன, வானத்தில் கறுத்துப்போயின. விசித்திரமான தீர்வு ஒன்று கிடைத்தது: நாவல் படிப்பதற்காகச் செய்யப்பட்ட கோபோ மின்-வாசிப்பான். அதன் மின்மைத் திரை வெயில் ஏற ஏறத் தெளிவாகத் தெரியும், பேட்டரியையும் அதிகம் தின்னாது. சினிமா பார்க்க முடியாத அளவுக்கு அது மெதுவானதுதான். விநாடிக்கு ஒருமுறை மாறும் வரைபடத்துக்கு அந்த வேகம் போதும். எக்ஸ்சிசோர் அதிலும் ஏறிவிட்டது. இன்னொரு பக்கம் ஓபன்வேரியோ என்ற ஆர்வலர் திட்டம், கையளவு ஒற்றைப் பலகைக் கணினியையும் பளிச்சென்ற திரையையும் சேர்த்து, வீட்டிலேயே காக்பிட் கணினி செய்துகொள்ள வரைபடம் கொடுத்தது. ஸ்லோவேனியாவின் நாவிட்டர் நிறுவனம் ஊடி என்ற தனிக் கருவியையே சந்தைக்குக் கொண்டுவந்தது.

திரையில் என்ன தெரியும்? இந்த உயரத்தில் இருந்து எட்டக்கூடிய நிலப்பரப்பு ஒரு கோணல்மாணலான எல்லைக்கோடாகத் தெரியும். எதிர்க்காற்றுப் பக்கம் குறுகியும் பின்காற்றுப் பக்கம் நீண்டும் இருக்கும். காற்றின் திசையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வட்டமிடும்போது ஒவ்வொரு சுற்றும் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து அதுவே கண்டுபிடிக்கும். சுற்றின் எந்தப் பகுதியில் ஏற்றம் அதிகம் என்று புள்ளி வைத்துக் காட்டும். வட்டத்தை அந்தப் பக்கம் நகர்த்துவது பைலட்டின் வேலை. உள்ளே இருக்கும் அழுத்த உணரியின் சில்லு அரைச் சாண் உயர வித்தியாசத்தைக்கூட உணரக்கூடியது. 2004-இல் சுவிட்சர்லாந்தில் வந்த ஃப்ளார்ம் கருவியை இணைத்தால் பக்கத்தில் பறக்கும் கிளைடர்களையும் காட்டும்.

நம் நாட்டுக்கும் கிளைடர் புதிதல்ல. சிவில் விமானப் போக்குவரத்துத் துறையின் தொழில்நுட்ப மையம் டெல்லியில் 1950-களில் இருந்து சொந்தமாகக் கிளைடர்களை வடிவமைத்தது. எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த ரோகிணி 1961-இலும் கார்த்திக் 1963-இலும் பறந்தன. அசுவினி, ஆர்த்ரா என்று மற்றவற்றுக்கும் நட்சத்திரப் பெயர்கள்தான். அந்தக் கிளைடர்களில் மூன்று நான்கு முள் கருவிகள் இருந்தால் அதிகம். புனே ஹடப்சரிலும் கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் தலைமுறைகள் அப்படித்தான் கற்றன. இன்று இமாசலத்தின் பீர்-பில்லிங்கில், 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைச் சுற்று நடந்த அதே சரிவில், போனையும் மின்-வாசிப்பானையும் மார்புக்கு எதிரே கட்டிக்கொண்டு குதிக்கிறார்கள்.

இத்தனை செய்யும் கணினிக்கு ஒரு விஷயம் தெரியாது. தெர்மல் கிடைக்காமல் போனால் கிளைடர் வயலில் இறங்க வேண்டும். ஐரோப்பாவில் கோதுமை அறுத்த நிலம் ஓடுபாதைபோல நீண்டு கிடக்கும். நம் வயல்கள் சிறியவை. நடுவே வரப்பு, ஓரத்தில் வாய்க்கால், தென்னை, பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பி. கணினியின் வரைபடத்தில் தரைமட்டம் இருக்கும், ஆறு இருக்கும், சாலை இருக்கும். வரப்பு இருக்காது, கம்பி இருக்காது. தண்ணீர் திறந்துவிட்டார்களா, நாற்று விட்டிருக்கிறார்களா என்பதும் இருக்காது. அதனால்தான் இந்தக் கருவிகளை ஆலோசனைக்கு மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒரே தெர்மலில் நாலைந்து கிளைடர்கள் சுற்றும்போது திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவர் மற்ற எல்லோருக்கும் ஆபத்து. என் கருத்தில், அதிகம் காட்டும் திரையைவிடக் குறைவாகக் காட்டும் திரையே காக்பிட்டுக்கு நல்லது.

தஞ்சைக்கு மேலே இன்று இருப்பது விமானப்படையின் வானம். 2020 ஜனவரி 20 அன்று பிரம்மோஸ் ஏந்தும் சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களோடு 222-ஆம் படைப்பிரிவு இங்கே நிலைகொண்டது. எனவே கும்பகோணத்துக்குக் கிளைடரில் போகும் நம் கணக்கு காகிதத்திலேயே நிற்கும். ஆனால் அதே குடும்பத்துக் கருவிகள் வயலுக்குள்ளேயே வந்துவிட்டன. பத்து லிட்டர் மருந்தோடு எழும்பும் டிரோனில் இருப்பதும் ஜி.பி.எஸ்.ஸும் அழுத்த உணரியும்தான். 2023 நவம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த நமோ டிரோன் தீதி திட்டம் நாடு முழுக்க 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு டிரோன் தருவதாகச் சொன்னது. வரப்பில் நின்று அதை இயக்கும் பெண் பார்ப்பதும் வெயிலில் மங்கும் ஒரு சின்னத் திரையைத்தான். 2021 டிரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையான பகுதியில் 200 அடிக்கு மேல் போக அனுமதி வேண்டும். அதையும் பறக்கவிடுவதற்கு முன் வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். குடை பிடிக்காமல் நண்பகலில் படிக்கக்கூடிய திரையை அவர் கையில் கொடுப்பது, மானியத்தை அறிவிப்பது அளவுக்கே அவசியம்.

டெல்டா மாவட்டங்களில் உள்ள பொறியியல், பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எக்ஸ்சிசோர் இலவசம், ஆண்ட்ராய்டு போனில் இறங்கும், பறக்காமலேயே பழக சிமுலேட்டரும் அதில் உண்டு. அழுத்த உணரிச் சில்லு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மின்மைத் திரையும் வாங்கலாம். மூன்றையும் மூன்றாமாண்டு மாணவர்கள் கையில் கொடுத்து, வெயிலில் தெரியும் ஒரு வேரியோமீட்டரைச் செய்யச் சொல்லுங்கள். சோதித்துப் பார்க்க விமானம் வேண்டாம், கல்லூரி மாடிப்படி போதும்.