நாள் குறிக்காத காத்திருப்பு

பத்திரிகையில் தொடர்கதை படித்தவர்கள் ‘தொடரும்’ என்னும் சொல்லை நன்கறிவர். அடுத்த இதழ் வரும் நாள் தெரிந்து காத்திருப்பது ஓர் இன்பம். அந்த நாளே தெரியாமல் காத்திருப்பது வேறு வகை. இணையத்தில் வெளிவரும் சித்திரக்கதைகளின் வாசகர்களுக்கு வாய்த்தது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே.

ஜப்பானில் ‘ஒன்’ என்ற புனைபெயர் கொண்டவர், 2009ஆம் ஆண்டில் ‘ஒன் பஞ்ச் மேன்’ என்னும் சாகசச் சித்திரக்கதையைத் தாமே வரைந்து, இணையத்தில் இலவசமாக வெளியிடத் தொடங்கினார். அதன் நாயகன் சைட்டாமா, எத்தகைய பகைவனையும் ஒரே குத்தில் வீழ்த்துபவன். தன்னை எதிர்த்து நிற்க எவருமில்லாமையால் வாழ்வில் சலிப்புற்றவன். சித்திரங்கள் செப்பமற்றவை; ஆயினும் கதை வாசகர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. கைதேர்ந்த ஓவியரான யூசுகே முராட்டா 2012 முதல் அதே கதையைப் புதிதாக, அழகுற வரைந்து வெளியிடலானார். 2015இல் அது தொலைக்காட்சித் தொடராகவும் உருப்பெற்றது.

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூலக்கதை நின்றுபோயிற்று. முராட்டாவின் சித்திரங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. அப்படியிருந்தும் வாசகர்கள் பழைய கதைக்காக ஏங்கியது ஏன்? மூலக்கதை அவற்றினும் வெகுதூரம் முன்னே சென்றிருந்தது. அது நின்ற இடத்துக்கு அப்பால் என்ன நேரும் என்பதை ஆசிரியர் ஒருவரே சொல்ல முடியும். அன்றியும், இடையில் எவரும் புகாத அவருடைய சொந்தக் குரலை அந்தக் கோணல் கோடுகளில்தான் கேட்க முடிந்தது.

ஆசிரியரும் வாளா இருந்தாரல்லர். ‘மாப் சைக்கோ 100’ என்னும் தமது மற்றொரு தொடரை அவர் 2017இன் இறுதியில்தான் நிறைவு செய்தார். முராட்டாவின் பதிப்புக்கும் கதையமைப்பு அவருடையதே.

1893இல் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளைக் கானன் டாயில் முடித்துக்கொண்டபோது, முறையிடுவதற்குப் பத்திரிகை அலுவலகம் ஒன்று இருந்தது. நிறுத்துவதற்குச் சந்தா இருந்தது. இங்கு இரண்டும் இல்லை. விலை கொடாத வாசகர் எந்த உரிமையால் கேட்பது? பதிப்பாளர் எவருக்கும் கட்டுப்படாத சுதந்திரத்தில் பிறந்தது அந்தக் கதை. நினைத்தபடி எழுதும் சுதந்திரமும், எழுதாதிருக்கும் சுதந்திரமும் ஒன்றேயன்றோ? முன்னதை விரும்புவோர் பின்னதையும் பொறுத்தே ஆகவேண்டும்.

எனினும், வாசகரிடம் ஒரு செல்வம் உண்டு, அது நினைவு. எவரும் நினைவில் வைத்திராத கதை, மீண்டு வந்தாலும் வந்ததாகாது. இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின், 2019இல் அடுத்த அத்தியாயம் வெளிவந்தது. அதன் பின்னரும் அது நாள் தவறாமல் வந்ததில்லை. ஆனால், வந்தபோதெல்லாம் விட்ட இடத்திலிருந்து படிக்க ஆட்கள் இருந்தனர். நாள் குறிக்காத ஆசிரியருக்குக் கணக்கு வைக்காத வாசகர் அளிக்கும் கைம்மாறு அதுவே.