டார்வின் (பெயர்)

டார்வின் என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு குடும்பப்பெயர் ஆகும். முன்னொட்டு எதுவும் இன்றி டார்வின் என்று எழுதினால், படிவளர்ச்சிக் கொள்கையை வகுத்த சார்லஸ் டார்வினையே (1809–1882) பெரும்பாலும் அது குறிக்கும். ஆயினும் ஒரு நகரம், மலைகள், தவளை, நரி, அளவலகு, கணினி இயங்குதளம் எனப் பலவும் இப்பெயரைக் கொண்டுள்ளன. இவற்றுள் சில சார்லசின் உறவினர்களுக்கு உரியவை. வேறு சில, அவர் சொல்லாத கருத்துகளை அவர் பெயரில் ஏற்றியவை. பாடத்துக்காகத் தகவல் தேடும் மாணவர் தடுமாறுவது இவ்விடத்தில்தான்.

குடும்பத்தினர்

சார்லசின் பாட்டனார் எராஸ்மஸ் டார்வின் (1731–1802) மருத்துவர், கவிஞர். வெப்பக் குருதி விலங்குகள் அனைத்தும் ஒரே மூலத்திலிருந்து தோன்றியிருக்கலாம் என்று பேரன் பிறப்பதற்கு முன்பே எழுதியவர். சார்லசின் மகன் ஜார்ஜ் டார்வின் வானியலாளர். ஓதங்களைப் பற்றியும் நிலாவின் தோற்றம் பற்றியும் ஆராய்ந்தார். மற்றொரு மகன் பிரான்சிஸ் தாவரவியலாளர்; தாவரங்களின் அசைவு குறித்துத் தந்தையுடன் சேர்ந்து ஆய்வு செய்தார். ஜார்ஜின் மகன் சார்லஸ் கால்டன் டார்வின் இயற்பியலாளர். புள்ளியியல் இயக்கவியலில் வரும் டார்வின்–பவுலர் முறை இவருடையது. முதற்பெயரும் ஒன்றாகவே இருப்பதால், இயற்பியல் நூலில் இப்பெயரைக் காண்பவர் அது பாட்டனாரைக் குறிப்பதாக எண்ணிவிடக்கூடும். செவ்வாய்க் கோளில் உள்ள டார்வின் கிண்ணக்குழியோ தந்தை சார்லஸ், மகன் ஜார்ஜ் இருவருக்கும் பொதுவானது.

இடங்கள்

ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத் தலைநகரம் டார்வின். சார்லஸ் அங்கு ஒருபோதும் சென்றதில்லை. அவர் உலகைச் சுற்றிவந்த பீகிள் கப்பல், பின்னர் அவர் இல்லாமல் ஆஸ்திரேலியக் கடற்கரையை அளக்கப் போனது. 1839 செப்டம்பரில் லராக்கியா மக்களின் நிலத்தையொட்டிய ஒரு துறைமுகத்தைக் கண்ட கப்பலின் தலைவர் விக்காம், பழைய பயணத் தோழரின் நினைவாக அதற்குப் பெயரிட்டார். அப்போது சார்லசுக்கு வயது 30. அவரைப் புகழ்பெறச் செய்த நூல் வெளிவர இன்னும் 20 ஆண்டுகள் இருந்தன. ஆகவே இது பேரறிஞருக்கு வைத்த பெயர் அன்று, நண்பருக்கு வைத்த பெயர். 1869இல் அங்கு அமைந்த குடியிருப்புக்குப் பாமர்ஸ்டன் என்றே பெயர். துறைமுகத்தின் பெயர் 1911இல்தான் ஊருக்கும் வந்தது. 1942 பிப்ரவரி 19 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும், 1974 கிறிஸ்துமஸ் நாளில் டிரேசி புயல் சிதைத்ததும் இந்நகரத்தைத்தான்.

தென் அமெரிக்காவின் தென்முனையில் உள்ள இடங்களுக்கு அவர் நேரில் சென்றிருக்கிறார். 1833 சனவரியில் பனியாறு ஒன்றிலிருந்து பெரும் பாளம் கடலில் விழுந்து அலையை எழுப்பியது. கரையில் இருந்த படகுகளைக் காக்க ஓடியவர்களில் சார்லசும் ஒருவர். படகுகள் போயிருந்தால் அந்தக் குழு அங்கேயே சிக்கியிருக்கும். மறுநாள் எதிர்ப்பட்ட அகன்ற நீர்ப்பரப்புக்குக் கப்பல்தலைவர் பிட்ஸ்ராய் அவர் பெயரைச் சூட்டினார். அப்பகுதியில் ஒரு மலையும் டார்வின் மலை எனப்படுகிறது.

உயிரினங்கள்

டார்வின் தவளையின் ஆண், குஞ்சுகளைத் தன் குரல்பையில் வைத்து வளர்க்கும். டார்வின் ரியா என்பது நெருப்புக்கோழியை ஒத்த பறவை. சார்லஸ் இதனைத் தேடி அலைந்தார். கிடைத்தபோதோ, சாதாரண ரியாவின் குஞ்சு என்று கருதிக் கப்பலில் சமைத்து உண்டுவிட்டனர். உணவு முடிந்த பின்னரே நினைவு வந்து, எஞ்சிய தலை, கால், இறகுகளைத் திரட்டினார். 1837இல் அதற்கு அவர் பெயரால் அறிவியல் பெயர் இட்டனர். பிரெஞ்சு அறிஞர் ஒருவர் முன்னரே பெயரிட்டிருந்ததால் அது நிலைக்கவில்லை. பொதுப்பெயரில் மட்டும் டார்வின் நிற்கிறார்.

பாடநூல்களில் தவறாமல் இடம்பெறுவன கலாபகோஸ் தீவுகளின் டார்வின் குருவிகள். அவற்றைப் பார்த்தவுடனேயே கொள்கை தோன்றியது என்ற கதை சரியன்று. எந்தக் குருவி எந்தத் தீவிலிருந்து வந்தது என்பதைக்கூட அவர் ஒழுங்காகக் குறித்துவைக்கவில்லை. அவை நெருங்கிய இனங்கள் என்று கண்டறிந்தவர் லண்டன் பறவையியலாளர் ஜான் கூல்ட். 'டார்வின் குருவிகள்' என்ற பெயர் பரவலானது 1947இல் டேவிட் லாக் எழுதிய நூலுக்குப் பின்னரே.

சொற்கள்

பெயரால் நேர்ந்த பெருங்குழப்பம் 'சமூக டார்வினியம்' என்பதாகும். வலிமையுள்ள மனிதர் வாழவும் எளியவர் அழியவும் விடுவதே இயற்கை நீதி என்னும் இக்கருத்து அவர் வகுத்த கொள்கை அன்று. 'தக்கன பிழைத்தல்' என்ற தொடரை 1864இல் ஆக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். சார்லஸ் பின்னர் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில் அதனை ஏற்றுக்கொண்டார். அதில் 'தக்கது' என்பது சூழலுக்குப் பொருந்துவதையே குறிக்கும், வலியதை அன்று. எனினும் குடும்பத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை எனவும் கூற இயலாது. மனித இனத்தைத் தெரிந்தெடுத்து மேம்படுத்தலாம் என்ற இனமேம்பாட்டியலைத் தொடங்கிய பிரான்சிஸ் கால்டன் சார்லசின் உறவினர். அதற்கான பிரித்தானியச் சங்கத்துக்கு 1911 முதல் 1928 வரை தலைமை வகித்தவர் அவருடைய மகன் லெனார்டு டார்வின்.

படிவளர்ச்சியின் வேகத்தை அளக்கும் அலகுக்கும் டார்வின் என்று பெயர். 1949இல் இதனை முன்மொழிந்த ஜே. பி. எஸ். ஹால்டேன், பின்னாளில் இந்தியக் குடிமகனாகிப் புவனேசுவரத்தில் மறைந்தவர். ஆப்பிள் நிறுவனம் 2000இல் வெளியிட்ட டார்வின் இயங்குதளம் இன்றைய மேக் கணினிகளிலும் ஐபோன்களிலும் அடித்தளமாக இயங்குகிறது. கலாபகோசில் கடலுக்குள் நின்ற டார்வின் வளைவு என்னும் பாறை 2021 மே 17 அன்று இடிந்து விழுந்தது. இப்போது அங்கு இரண்டு தூண்கள் மட்டுமே உள்ளன.