தோற்ற அணியின் ஸ்டிக்கர்

இல்லாத பொருள்களின் சந்தை – 9

கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டில் 2013 ஆகஸ்ட்டில் வந்திறங்கிய வண்ணத் துப்பாக்கிகளையும் அவற்றைச் சுற்றி முளைத்த வியாபாரத்தையும் சென்ற வாரம் பார்த்தோம். 'பெயின்ட் அடித்த துப்பாக்கிக்கே இவ்வளவு காசா?' என்று மலைத்தவர்கள் இந்த வாரம் மனதைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொள்ளவும். அந்தத் துப்பாக்கியின் மேல் ஒட்டுகிற ஸ்டிக்கருக்கு வந்திருக்கிறோம்.

ஸ்டிக்கரை, இந்த விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் விற்க ஆரம்பித்தது 2014 பிப்ரவரியில். அதை ஒட்டினால் குண்டு வேகமாகப் பாயாது, குறியும் கூடாது. ஆட்டத்தில் அதனால் ஆகக்கூடியது எதுவுமே இல்லை. பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த மாதமே போலந்தில் ஒரு பெரிய போட்டி. இடம், நிலக்கரிச் சுரங்கங்களால் வளர்ந்த கட்டோவிட்சே நகரம். பறக்கும் தட்டு போலவே கட்டிய ஸ்போடெக் அரங்கில் 16 அணிகள், மொத்தப் பரிசு 2,50,000 டாலர். அதையொட்டி அணிகளின் சின்னங்கள் ஸ்டிக்கராக வந்தன. ஒரு டாலர் கொடுத்து ஒரு கேப்சூல் வாங்கினால், உள்ளே எந்த அணி என்பது அதிர்ஷ்டம். சாதாரண ஸ்டிக்கரா, திருப்பினால் மினுங்கும் 'ஹோலோ' ஸ்டிக்கரா என்பதும் அதிர்ஷ்டம். அன்றைக்கு வாங்கியவர்கள் குறைவு. விளையாட்டே அப்போதுதான் சூடுபிடிக்கத் தொடங்கியிருந்தது.

கோப்பையை வென்றது போலந்து ஆட்டக்காரர்களைக் கொண்ட விர்துஸ் புரோ. சொந்த மண், சொந்தக் கூட்டம், இறுதியாட்டத்தில் ஸ்வீடனின் நிஞ்ஜாஸ் இன் பைஜாமாஸ் அணியைச் சாய்த்தார்கள். இன்று விலை உச்சத்தில் இருப்பது அவர்களுடைய ஸ்டிக்கராகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. காலிறுதியைக்கூட எட்டாமல் பெட்டியைக் கட்டிய இரண்டு அணிகளின் ஹோலோதான் இந்தச் சந்தையின் கோஹினூர். ஒன்று அமெரிக்காவின் ஐபைபவர், இன்னொன்று பிரான்ஸின் டைட்டன்.

ஐபைபவர் என்பது கம்ப்யூட்டர் விற்கும் ஒரு கலிஃபோர்னியா நிறுவனத்தின் பெயர். அதன் ஆதரவில் ஆடிய அணி அன்றைய அமெரிக்காவின் முதல் வரிசை. 2014 ஆகஸ்ட்டில் நெட்கோட்கைட்ஸ் என்ற சின்ன அணியிடம் ஒரு ஆட்டத்தில் 16-4 என்று விழுந்தது. விழுந்த விதத்தைப் பார்த்த பலருக்கு அன்றைக்கே சந்தேகம். அந்த நாட்களில் ரசிகர்கள் ஆட்டங்களின் மேல் பந்தயம் கட்டியது பணத்தால் அல்ல, 'ஸ்கின்' எனப்படும் அந்த வண்ணத் துப்பாக்கிகளால். 2015 ஜனவரியில் ரிச்சர்ட் லூயிஸ் என்ற பத்திரிகையாளர் விவரங்களை வெளியிட்டார். ஐபைபவர் ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே தோற்றதும், வேறு ஆள் வழியாக எதிரணிமேல் பந்தயம் வைத்ததும், ஆதாயம் ஸ்கின்களாகக் கைமாறியதும் வெளிச்சத்துக்கு வந்தன. வால்வ் ஏழு பேருக்குத் தடை போட்டது. ஓராண்டு கழித்து, தடை நிரந்தரம் என்றும் அறிவித்துவிட்டது.

தோற்றுப் போவதற்கு இவர்கள் வாங்கிய கூலியும் ஸ்கின்தான், இவர்களுடைய அவமானம் விலை ஏற்றிவிட்ட பொருளும் ஸ்கின் மேல் ஒட்டுவதுதான். கதாசிரியர் யாராவது எழுதியிருந்தால் ரொம்ப ஜோடிப்பு என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அந்த ஆட்டத்தில் ஆடிய ஐவரில் ஒருவர் மட்டும் தடைப்பட்டியலில் இல்லை. ஸ்கடூடுல் என்ற பெயரில் ஆடும் டைலர் லேதம். 2018 ஜனவரியில் பாஸ்டனில் கிளவுட்9 அணி, இந்த உலகின் உச்சப் போட்டிகளான 'மேஜர்'களில் ஒன்றை வென்ற முதல் அமெரிக்க அணியாக ஆனபோது அவர் அதில் இருந்தார். அந்தப் போட்டியின் நினைவுப் பரிசாகக் கிடைத்த, அவருடைய கையெழுத்து ஸ்டிக்கர் பதித்த 'டிராகன் லோர்' துப்பாக்கி ஒன்று 61 ஆயிரம் டாலருக்கு மேல் விலைபோனது. அன்றைய மதிப்பில் சுமார் 39 லட்சம் ரூபாய்.

டைட்டன் கதை சின்னது. 2014 நவம்பரில் அதன் ஆட்டக்காரர் ஒருவர் ஏமாற்று மென்பொருள் பயன்படுத்தியதாகப் பிடிபட்டார். 2016 தொடக்கத்தில் அணியே கலைந்தது.

அவப்பெயர் மட்டுமே விலையை ஏற்றவில்லை. ஐபைபவர் ஹோலோவின் சிவப்பு உண்மையிலேயே எடுப்பானது. 'ரெட்லைன்' என்ற, கறுப்பு உடலில் சிவப்புக் கோடு ஓடும் ஏ.கே.-47 மேல் நான்கை வரிசையாக ஒட்டிப் பார்த்தால், அந்தத் துப்பாக்கிக்காகவே செய்த மாதிரி இருக்கும். ஆனால் முக்கியமான காரணம் வேறு. ஒட்டிய ஸ்டிக்கரை முழுதாகத் திரும்ப எடுக்க வழியில்லை. சுரண்டத்தான் முடியும். ஒவ்வொரு சுரண்டலுக்கும் கொஞ்சம் உரிந்து, கடைசிச் சுரண்டலில் மறைந்தே போகும். துப்பாக்கியோடு சேர்த்து விற்றால் ஸ்டிக்கர் விலையில் ஒரு சிறு பங்குதான் தேறும். ஆகவே யாராவது ஒருவர் ஆசைப்பட்டு ஒட்டும்போதெல்லாம், முத்திரை விழாத தபால்தலை போலக் கைபடாமல் கிடக்கும் மிச்ச ஸ்டிக்கர்களின் எண்ணிக்கை குறைகிறது. ஒரு டாலர் கேப்சூலில் வந்தது பல்லாயிரம் டாலருக்குப் போனது இப்படித்தான். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியவர் 'ஒட்டு' என்ற பொத்தானை அமுக்கும் காட்சியைப் பல்லாயிரம் பேர் நேரலையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கை நடுங்குவது தெரியும்.

இந்த வியாபாரம் வால்வின் இணையக் கடையான ஸ்டீமின் சொந்தச் சந்தையில் நடக்க முடியாது. அங்கே ஒரு பொருளுக்கு சுமார் 2,000 டாலர்தான் உச்சவரம்பு. விற்றால் நூற்றுக்குப் பதினைந்து கமிஷன். மீதியும் ஸ்டீம் வாலட்டிலேயே தங்கிவிடும், வங்கிக்கு வராது. எனவே பெரிய கைமாற்றங்கள் எல்லாம் வெளியே, நம்பிக்கையின் பேரில். இத்தனைக்கும் வால்வின் ஒப்பந்தப்படி ஸ்டிக்கர் வாங்கியவருக்குச் சொந்தமில்லை, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே அவருடையது.

மற்ற நிறுவனங்கள் வேறு வழியில் போயின. ரயட் நிறுவனம் 2020இல் வெளியிட்ட வேலரன்ட் விளையாட்டில் துப்பாக்கியில் தொங்கும் குட்டி பொம்மைகள் உண்டு. விற்கவோ மாற்றவோ முடியாது. அவற்றில் முஷ்டி வடிவப் பொம்மை ஒன்று, ரயட் நிறுவனத்தின் ஊழியர் மனம்வைத்துக் கொடுத்தால்தான் கிடைக்கும். கூட ஆடுகிறவர் ஊழியர் என்று தெரிந்துவிட்டால் குழுவில் திடீர் மரியாதை! எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. பணத்தால் வாங்க முடியாதது என்று ஒன்றாவது இருக்கட்டும்.

வால்வும் 2024 அக்டோபரில் தொங்கும் பொம்மைகளை இறக்கியது. ஓடும்போது ஆடும், திரும்பும்போது துள்ளும். ஆனால் இவற்றைக் கழற்றிவிடலாம். கழற்ற முடிந்ததால் எதுவும் அழிவதில்லை, அழியாததால் அரிதாவதும் இல்லை. இவை இன்னொரு கட்டோவிட்சே ஆகப்போவதில்லை என்பதே என் கணிப்பு.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2014 மார்ச்சில் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் ஆடிய பழைய ஸ்டீம் கணக்கு உங்களிடமோ உங்கள் அண்ணன் தம்பியிடமோ இருந்தால், முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அப்புறம் இன்வென்டரியைத் திறந்து பாருங்கள். 'நான் விலை பேசி முடித்துத் தருகிறேன்' என்று யார் லிங்க் அனுப்பினாலும் தொடாதீர்கள்.

(தொடரும்)