விசிட்டிங் கார்டில் முகவரி போடலாமா?

வாணியம்பாடியில் ஓர் அச்சகம். பெயிண்டர் ஒருவர் விசிட்டிங் கார்டு அடிக்க வந்திருந்தார். பெயர், செல்போன் எண், 'பெயிண்டிங் கான்ட்ராக்டர்' என்ற வரி, ஓரத்தில் ஒரு ரோலர் படம் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. "முகவரி சொல்லுங்கண்ணா" என்றார் டைப் செய்துகொண்டிருந்த பெண். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வாணியம்பாடின்னு மட்டும் போடும்மா" என்றார்.

ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் குடியிருப்பில் அவர் வீடு. ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அந்த இடத்துக்கு 'காலனி' என்றுதான் பெயர். "வீட்டுக்கு உள்ளே போய்ச் செய்யிற வேலைண்ணா இது. கூடத்துக்குப் போகணும், சமையல்கட்டுக்குப் போகணும், சாமி ரூமுக்குப் போகணும். கார்டுல காலனின்னு இருந்தா சில பேர் போனே பண்ண மாட்டாங்க. பண்ணலைன்னா ஏன் பண்ணலைன்னு நமக்குத் தெரியவும் போறதில்லை" என்றார் வெளியே வந்ததும். தன் பெயரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

இந்தக் கார்டு சின்ன விஷயமல்ல. பல ஆண்டுகள் மேஸ்திரியிடம் நாள் கூலிக்குப் போனவர், முதல்முறையாகத் தன் பெயரில் வேலை எடுக்கிறார். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு பகுதியில் தலித் குடியிருப்புகளிலிருந்து பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. பேசி, விலை சொல்லி, பில் போட்டு வேலை எடுப்பவர்கள் குறைவு. சுவரில் நிற்பவர் ஒருவர், வீட்டுக்காரரிடம் பணம் வாங்குபவர் வேறொருவர்.

இவருடைய அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். பச்சைத் தோலிலிருந்து முடி கழல்வதற்காகச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு எடுக்கிற வேலை அது. கையும் காலும் வெந்துபோகும். மகன் அதே தொழிலில் கொஞ்சம் மேலே, ஃபினிஷிங் பிரிவில் சேர்ந்தார். தோலுக்கு நிறம் ஏற்றும் ஸ்பிரே கன் பிடித்தார். வேலை குறைந்தபோது கையிலிருந்த பழக்கத்தை நம்பிச் சுவருக்கு வந்தார். ஃபினிஷிங்கில் இருந்து பெயிண்டிங்குக்கு வந்தவர் இவர் ஒருவர் மட்டுமல்ல.

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

ஸ்பிரே கன் பிடித்த கை முதலில் ஸ்பிரே மெஷின் வாங்கத்தான் ஆசைப்படும். இங்கேதான் பலர் கடனில் விழுகிறார்கள். தோலுக்கு அடிப்பது நீர்த்த திரவம். கம்ப்ரசர் காற்றில் போகும். சுவர் எமல்ஷன் கெட்டியானது. அதற்கு வேண்டியது ஏர்லெஸ் மெஷின். காற்று கலக்காமல், பெயிண்டையே மிக அதிக அழுத்தத்தில் தள்ளும். தோல் ஷாப்பில் விசிறி சரியாக விழுகிறதா என்று கன் முன்னால் கையைக் காட்டிப் பார்த்துப் பழகியவர்கள் உண்டு. ஏர்லெஸ் கன்னில் அதைச் செய்தால் பெயிண்ட் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும், உள்ளே சதை அழுகும். உடனே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிய காயம் அது. கை போனவர்கள் உலகெங்கும் உண்டு.

ஆட்கள் குடியிருக்கும் இரண்டு அறை வீட்டில் மெஷினால் லாபமும் இல்லை. பீரோ, டிவி, ஸ்விட்ச் போர்டு எல்லாவற்றையும் மூடி டேப் ஒட்டுகிற நேரத்தில் ரோலரில் ஒரு கோட் முடிந்துவிடும். காலி மண்டபம், குடோன், பள்ளிக்கூடம் கிடைத்தால்தான் மெஷின் வேலை செய்யும். அப்படி ஒரு வேலை வரும்போது நாள் வாடகைக்கு எடுத்தால் போதும். ஆண்டில் எத்தனை நாள் வாடகைக்கு எடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த வாடகை மாதத் தவணையைத் தாண்டும்போது வாங்கலாம்.

கைக்கருவியில் கஞ்சத்தனம் வேண்டாம். 9 அங்குல ரோலர் இரண்டு வகை வேண்டும்: பட்டி பார்த்து மழமழவென்று இருக்கும் உள்சுவருக்குக் குட்டை முடி, சொரசொரப்பான வெளிச்சுவருக்கு நீள முடி. எனாமலுக்கு இயற்கை முடி பிரஷ் நல்லது. தண்ணீர் கலக்கும் எமல்ஷனுக்கு அது ஆகாது; தண்ணீரைக் குடித்துத் தொய்ந்துவிடும். அதற்கு நைலான் அல்லது பாலியஸ்டர் பிரஷ்.

வாணியம்பாடியில் இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இயற்கை முடி பிரஷ்களில் பெரும்பாலானவை பன்றி முடி. மலேசியாவில் 2017 பிப்ரவரியில் பன்றி முடி என்ற சந்தேகத்தில் 2,000-க்கும் மேற்பட்ட பெயிண்ட் பிரஷ்களை அதிகாரிகள் கடைகளிலிருந்து கைப்பற்றினார்கள். முஸ்லிம் வீட்டுக்கோ மசூதிக்கோ போகும்போது அவர்கள் கேட்பதற்கு முன்பே, "செயற்கை முடி பிரஷ்தான் கொண்டு வந்திருக்கேன், பாய்" என்று காட்டுங்கள். சுத்தம், அசுத்தம் என்று நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்ட வார்த்தைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உறுத்தலாம். இவரிடம் கேட்டேன். சிரித்தார். "அவங்க என்னையத் தள்ளலையே, பிரஷைத்தானே தள்றாங்க" என்றார்.

ஏணி வாங்கும்போது மேலே பாருங்கள். நம்முடைய சந்துகளில் மின்கம்பி சுவரை உரசிக்கொண்டு போகிறது. அலுமினிய ஏணியில் மின்சாரம் பாயும். மூங்கில் அல்லது ஃபைபர் ஏணிதான் பாதுகாப்பு. இரண்டு மாடிக்கு மேல் சாரம் கட்டாமல், இடுப்பு பெல்ட் இல்லாமல் ஏற வேண்டாம். கூட வருகிற பையன்களையும் ஏற்ற வேண்டாம்.

சுவரில் பூக்கும் உப்பு

இந்த வட்டாரத்தில் பெயிண்டர் பெயரைக் கெடுப்பது உப்பு. பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு கழிவுநீரோடு போய்ப் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைக் கெடுத்தது. 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது; 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் ஒரு தீர்ப்பு வந்தது. கிணறு இன்னும் பல ஊர்களில் உவர்ப்புதான். அந்தத் தண்ணீரில் குழைத்துப் பூசிய சுவரில் ஈரம் காயும்போது உப்பு வெளியே வந்து பூக்கும். மேலே எந்த பெயிண்ட் அடித்தாலும் கொப்புளித்து உரியும். வீட்டுக்காரர் பெயிண்டரைத்தான் திட்டுவார்.

பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் கை வைக்க வேண்டாம். ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை. புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் காயட்டும். பிறகு காரம் தாங்கும் பிரைமர். பெயிண்டில் கலக்கக் குடிக்கிற தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும். இதையெல்லாம் வேலை தொடங்கும் முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லி, கொட்டேஷனிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பழைய ஜன்னல் கம்பியைத் தேய்க்கும்போது கவனம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளை நனைத்துத் தேய்க்க வேண்டும். பட்டி தேய்க்கும்போது கைக்குட்டை போதாது, என்95 மாஸ்க் வேண்டும். அந்தத் தூசியோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.

டேப்பும் நோட்டும்

மேஸ்திரிக்கும் கூலிக்கும் நடுவில் இருக்கும் பொருள் மெஷின் அல்ல, அளக்கிற டேப். 10-க்கு 12 அறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். நாலு சுவரும் 440 சதுர அடி. கதவு 21, இரண்டு ஜன்னல் 32 கழித்தால் 387. மேல்தளம் 120 சேர்த்தால் 507. ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்கு 120 சதுர அடி வரும் என்று கொண்டால், இரண்டு கோட்டுக்கு எட்டரை லிட்டர். இந்தக் கணக்கை வீட்டுக்காரர் எதிரில் போட்டுக் காட்ட முடிந்தவர் கான்ட்ராக்டர். பிரைமர், பட்டி, கூலி, சாரம், வண்டி வாடகை, தன் லாபம் எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுத வேண்டும். பெயிண்ட் டப்பாவுக்குள் வரும் டோக்கன் பணத்தைத் தன் லாபமாக நினைத்துக் கூலியைக் குறைத்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். டோக்கனுக்காக வேண்டாத பெயிண்டை வாங்கவைக்கத் தூண்டும் ஏற்பாடு அது. நம்பிக்கையைத் தின்றுவிடும்.

விளம்பரம் என்று தனியாக அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. பொங்கலுக்கு முன், தீபாவளிக்கு முன், கிறிஸ்துமஸுக்கு முன் வேலை வரும் என்பது தெரிந்ததே. வாணியம்பாடியில் ரம்ஜானும் சீசன்தான். அது ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்கிறது. இந்த ஆண்டு வேலை வந்த அதே தேதிகளில் அடுத்த ஆண்டும் தேடினால் கிடைக்காது. நாட்காட்டியைப் பார்த்து ஒரு மாதம் முன்பே பழைய வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்ய வேண்டும். வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று ஒரே இடத்தில் நின்று எடுத்த படம் வாட்ஸ்அப்பில் பேசும். வீட்டுக்காரரிடம் கேட்காமல் வீட்டின் உட்புறப் படத்தை மட்டும் போட வேண்டாம். கூகுள் மேப்பில் பெயரைப் பதிவுசெய்ய காசு இல்லை.

கூட வேலை செய்பவர்களைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவுசெய்யுங்கள். பெயிண்டரும் அதில் வருவார். வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. அட்டை இல்லாமல் சாரத்தில் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

முதலுக்கு: 2023-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடி தொழில்முனைவோருக்கு 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. சேவைத் தொழிலுக்கும் பொருந்தும். விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையம் வழியாகப் போகிறது. நமக்கு அது திருப்பத்தூர். மெஷின், சாரம், வண்டிக்கு கொட்டேஷன் கேட்பார்கள். 50,000 ரூபாய்க்குள் போதும் என்றால் முத்ரா கடனில் 'சிசு' பிரிவு. இரண்டுக்கும் போகுமுன் உத்யம் பதிவு செய்துவிடுவது நல்லது, இணையத்தில் இலவசம். பொதுச் சேவை மையத்தில் ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

உத்யம் பதிவைச் செய்தபோதுதான் இவர் கார்டு விஷயத்தில் மறுபடி மாட்டிக்கொண்டார். அந்தச் சான்றிதழில் முழு முகவரியும் அச்சாகும். தொழில்முனைவோரின் சமூகப் பிரிவு என்ற வரியில் 'எஸ்சி' என்றும் அச்சாகும். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தை எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோரின் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற விதிக்கு அந்த வரிதான் ஆதாரம். தனியார் பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோ, "பதிவுச் சான்று கொடுங்க" என்று கேட்டால் கொடுக்க வேண்டியதும் அதே தாள்தான். கார்டில் மறைத்தது கொட்டேஷனோடு சேர்ந்து போகும்.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரல் 29-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் புதுப் பெயர் அம்பேத்கர் நகர் என்று வந்தால், கார்டைப் பார்க்கிறவருக்குத் தெரியாமலா போகும் என்று கேட்கிறார் இவர். அம்பேத்கர் பெயரை மறைத்துப் பிழைப்பதை நினைத்தால் அதைவிடக் கூச்சமாக இருக்கிறது என்கிறார். "அப்பா இருந்திருந்தா அடிச்சிருப்பாருண்ணா."

முகவரியை எழுதித்தான் ஆக வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. போன் வராமல் போனால் அடுத்த மாத வட்டியை நான் கட்டப்போவதில்லை.

கடைசியில் 500 கார்டு அடித்தார். 300 'வாணியம்பாடி' என்று மட்டும். 200 கதவு எண், தெரு, கிராமம் என்று முழு முகவரியோடு. முகவரி போட்ட கட்டு பைக்கின் முன்பையில் இருக்கிறது, மற்றது சீட்டுக்கு அடியில். முதல் கார்டை பெயிண்ட் கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறார். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கல்லாவுக்கு மேலே இருந்த கண்ணாடியில் செருகி வைத்தாராம்.