நிலக்கரியோடு வந்த ஒரு பெயர்

ஜம்புலிங்க முதலியாரைத் தெரியாதவர் நெய்வேலியில் இல்லை. 1930களில் அவர் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. ஆனால் பவல் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள், யாருக்கும் தெரியாது. 1950களின் நடுவில் சுரங்கத்துக்கான திட்ட அறிக்கையைத் தயாரித்தது பவல் டஃப்ரின் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். சுரங்கத்தை நடத்தும் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) உருவானது 1956இல். 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார்.

தாமஸ் பவல் வேல்ஸ் நாட்டு நிலக்கரி முதலாளி. 1863இல் அவர் மறைந்த பின், அவருடைய சுரங்கங்களை வைத்து 1864இல் எழுந்ததுதான் பவல் டஃப்ரின். டஃப்ரின் என்றால் பள்ளத்தாக்கு. பவல்? 'அப் ஹவெல்', அதாவது ஹவெலின் மகன். ஒரு காலத்தில் வேல்ஸ்காரர்களுக்குக் குடும்பப்பெயரே கிடையாது. மகன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், அவ்வளவுதான். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். நம் இனிஷியலேதான்! 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி வேல்ஸை இங்கிலாந்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார். நீதிமன்றப் பதிவேடுகளுக்கு நிலையான பெயர் தேவைப்பட்டது. மெல்ல மெல்ல, எந்தத் தலைமுறையில் எந்த அப்பா இருந்தாரோ, அவர் பெயரே வம்சத்துக்கும் நிலைத்தது. 'அப் ரீஸ்' பிரைஸ் ஆனார், 'அப் ரிச்சர்ட்' பிரிட்சர்ட் ஆனார். அரிதான புரோதெரோவும் இப்படி வந்ததுதான்.

நம் ஊரில் குடும்பப்பெயர்போல் ஒட்டியிருந்த சாதிப் பட்டங்களை விடச் சொன்னது 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு. நெய்வேலி வட்டங்களில் குவார்ட்டர்ஸ் வாசல் பலகைகளைப் பார்த்தால் அதன் பலன் தெரியும்: ஓர் எழுத்து, ஒரு புள்ளி, ஒரு பெயர். 2020க்கான சங்கீத கலாநிதி விருது பெற்றவரை 'நெய்வேலி ஆர். சந்தானகோபாலன்' என்றுதான் உலகம் அறியும். இதைவிட அழகான பெயர் முறை எனக்குத் தெரியவில்லை.

அந்தக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று வெளிநாட்டில். விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்றொரு கட்டம். வேறு வழியில்லாமல் அப்பா பெயரை எழுதுகிறார்கள். ராமசாமி மகன் குமார் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் அவரை 'மிஸ்டர் ராமசாமி' என்று கூப்பிடுகிறார்கள். அவருக்குக் குழந்தை பிறந்ததும் மருத்துவமனையிலேயே குடும்பப்பெயர் கேட்கிறார்கள். சுலபமென்று ராமசாமியையே தந்துவிட்டால், பவலுக்கு நேர்ந்ததுதான் அந்தப் பெயருக்கும். குமார் என்று எழுதுங்கள் என்பேன். பிள்ளைக்கு அப்பா அவர்தானே.